கத்தியா, கதிரா? ஆரம்பநிலை வாய்ப்புற்றுநோய்க்கான இரண்டு சிகிச்சைகளின் மதிப்பீடு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நாக்கு, கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்குக்கு அடியில் உள்ள வாய்த்தளம் ஆகிய இடங்களில் ஆரம்பநிலையிலேயே பிடிபட்ட புற்றுநோய்க்கு, உடல் மயக்க மருந்தைத் தாங்கும் என்றால், முதல் சிகிச்சை அறுவைதான். கதிர்வீச்சுக்கு, நம் ஊர்ப் பேச்சில் ‘கரண்ட் வைப்பதற்கு’, இந்த நோயில் முக்கியமான இடம் உண்டு. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அது அறுவைக்குப் பிறகு வரவேண்டியது, அறுவைக்குப் பதிலாக அல்ல. சிலருக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும். அவர்கள் யார் என்பதையும் சொல்கிறோம்.

‘ஆரம்பநிலை’ என்ற சொல்லை டாக்டர் எந்தப் பொருளில் சொல்கிறார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். 2018 முதல் நடைமுறையில் உள்ள நிலைப்பிரிப்பில் அகலம் மட்டும் கணக்கில்லை, ஆழமும் கணக்கு. 2 செ.மீ.க்குள் அகலம், 5 மி.மீ.க்குள் ஆழம் என்றால் டி1. 4 செ.மீ.க்குள் அகலம், 10 மி.மீ.க்குள் ஆழம் என்றால் டி2. ஆரம்பநிலை என்று சொல்ல, இரண்டிலும் கழுத்தில் நெறி கட்டியிருக்கக் கூடாது. நாக்கின் ஓரத்தில் ஒன்றரை செ.மீ. புண்தான், பார்க்கச் சின்னது. ஆனால் 7 மி.மீ. உள்ளே இறங்கியிருந்தால் அது டி1 இல்லை, டி2. தாடை எலும்பைத் துளைத்து உள்ளே போயிருந்தால், வெளியே எவ்வளவு சிறிதாகத் தெரிந்தாலும் ஆரம்பநிலை இல்லை. இந்தக் கட்டுரை டி1, டி2 இரண்டுக்கும் மட்டுமே.

கரண்ட் வைத்தே சரியாகிவிடாதா?

இந்தக் கேள்வி வருவதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. முகம் கோணிவிடுமோ, பேச்சு குழறுமோ, இனி வாயால் சாப்பிட முடியாதோ என்ற பயம். ‘கத்தி பட்டால் பரவிவிடும்’ என்ற பழைய நம்பிக்கை. சொந்தத்தில் யாருக்கோ தொண்டையில் வந்து, கரண்ட் வைத்தே நன்றாகிவிட்டதைப் பார்த்த அனுபவம்.

கடைசிக் காரணம் பொய்யில்லை. குரல்நாண்களில் ஆரம்பநிலையில் வரும் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு மிக நல்ல சிகிச்சை, குரலும் மிஞ்சும். சிக்கல் என்னவென்றால் குரல்வளையும் வாயும் ஒன்றில்லை. வாயில் எந்தப் புண்ணை எடுத்துக்கொண்டாலும் தாடை எலும்பு பக்கத்திலேயே இருக்கும். புற்றை முழுதாக அழிக்க 66 முதல் 70 கிரே (கதிரை அளக்கும் அலகு) வரை கதிர் வேண்டும். அந்த அளவைத் தாங்கிய தாடை எலும்பில் ரத்த ஓட்டம் குறைந்துபோகிறது. அதன் பிறகு ஒரு பல் பிடுங்கினால்கூடப் புண் ஆறாமல் எலும்பு வெளியே தெரியும் நிலை வரலாம்.

நம் நாட்டு நோயாளிகளுக்கு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. இங்கே புகையிலை, பாக்கு, குட்காவை அடக்கிவைக்கும் கன்னமும் ஈறும் சேரும் பள்ளத்தில்தான் நோய் அதிகம் வருகிறது. பாக்குப் பழக்கத்தால் கன்னம் ஏற்கெனவே நார்போல இறுகி, வாய் இரண்டு விரல்கூடத் திறக்காத நிலையில்தான் பலர் வருகிறார்கள். அந்த இறுக்கத்தின்மேல் கதிர்வீச்சு கொடுத்தால் வாய் இன்னும் மூடிக்கொள்ளும்.

கத்தி பட்டால் பரவும் என்பது உண்மையில்லை. நோய் ஏற்கெனவே கழுத்து நெறிகளுக்குப் போயிருந்து, அது தெரியாமல் வாய்ப் புண்ணை மட்டும் வெட்டி அனுப்பினால், சில மாதங்களில் கழுத்தில் கட்டி கிளம்பும். அதைப் பார்ப்பவர்கள் கத்தியைக் குறை சொல்கிறார்கள். குறை கழுத்தைத் தொடாமல் விட்டதில் இருக்கிறது.

ஆதாரம் என்ன சொல்கிறது

நேர்மையாகச் சொன்னால், ஆரம்பநிலை வாய்ப்புற்றுநோயில் அறுவையையும் கதிர்வீச்சையும் நேருக்கு நேர் நிறுத்தி நடத்தி முடித்த பெரிய ஆய்வு கிடையாது. அறுவையோடு கதிர்வீச்சு ஒரு பக்கம், கதிர்வீச்சு மட்டும் மறுபக்கம் என்று கிளாஸ்கோவில் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். 350 பேரைச் சேர்ப்பது திட்டம். 35 பேரிலேயே நிறுத்திவிட்டார்கள், காரணம் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் உயிர்வாழ்வு தெளிவாகக் குறைந்திருந்தது. 1998இல் வெளியான அந்த முடிவில் டி2 முதல் முற்றிய டி4 வரை கலந்திருந்தார்கள், எண்ணிக்கையும் சிறியது. அதனால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் பல நாடுகளின் சிகிச்சைப் பதிவுகளும் அதே திசையைத்தான் காட்டுகின்றன. சிகிச்சை வழிகாட்டிகள் அறுவையை முதலிலும் கதிர்வீச்சை மாற்றாகவும் வைப்பது இதனால்தான்.

கழுத்து பற்றிய ஆதாரமோ உறுதியானது, அதுவும் நம் நாட்டிலிருந்தே வந்தது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் டாக்டர் அனில் டிக்ரூஸ் குழு நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு அது. கழுத்தில் நெறி தென்படாத ஆரம்பநிலை நோயாளிகளில் ஒரு பாதிப் பேருக்கு வாய் அறுவையோடு சேர்த்தே கழுத்து நெறிகளையும் எடுத்தார்கள். மறு பாதிப் பேருக்குக் கழுத்தில் கட்டி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். மூன்று ஆண்டு முடிவில் முதல் குழுவில் 80 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள்; இரண்டாவது குழுவில் 67.5 விழுக்காட்டினர். எட்டுப் பேருக்குக் கழுத்தைச் சேர்த்து அறுவை செய்தால் அதில் ஓர் உயிர் கூடுதலாகப் பிழைக்கிறது. புற்றுநோய் மருத்துவத்தில் இது மிகப் பெரிய வித்தியாசம்.

ஆகவே ‘வாய்ப் புண்ணுக்கு மட்டும் சின்ன ஆபரேஷன், இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம்’ என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். ஆழம் 3 மி.மீ.க்கு மேல் என்றால் கழுத்துக்கும் சேர்த்துத் திட்டம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் கழுத்தை விட்டுவைத்து, அல்ட்ராசவுண்டு பார்த்துக் கண்காணிக்கலாம். முதல் நெறியை மட்டும் கண்டுபிடித்து எடுத்துச் சோதிக்கும் ‘சென்டினல் நோடு’ முறையும் உண்டு. அதற்கான ஐசோடோப் (கதிரியக்க மருந்து) வசதியும் பழகிய கைகளும் இருக்கும் இடத்தில் மட்டும் அதை ஏற்கலாம்.

அறுவை: உள்ளே என்ன நடக்கிறது

புண்ணைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியும் ஓரத்திலிருந்து ஏறக்குறைய 1 செ.மீ. தள்ளிக் கோடு போட்டு வெட்டுகிறார்கள். நோயில்லாத அவ்வளவு சதையை எதற்கு எடுக்க வேண்டும் என்று கேட்பீர்கள். வெட்டியெடுத்த சதை சுருங்கும், ஃபார்மலினில் போட்டால் இன்னும் சுருங்கும். கடைசியில் நுண்ணோக்கியில் பார்க்கும்போது நோய்க்கும் வெட்டின ஓரத்துக்கும் நடுவே 5 மி.மீ. நல்ல சதை இருக்க வேண்டும். 5க்குக் கீழே வந்தால் ‘நெருக்கமான மார்ஜின்’. ஓரத்திலேயே நோய் இருந்தால் மறுபடி வெட்ட வேண்டிவரும், இல்லையென்றால் கதிர்வீச்சு வேண்டிவரும். நாக்கில் தவறு நடப்பது பெரும்பாலும் அடியில்தான். மேலே அளந்து வெட்டிவிட்டு, தசைக்குள் ஆழத்தில் போதுமான அளவு எடுக்காமல் விட்டுவிடுவார்கள்.

சிறிய புண் என்றால் அப்படியே இழுத்துத் தையல் போடலாம். கன்னத்தில் சற்றுப் பெரிதாக எடுத்தால் அங்கேயே இருக்கும் கொழுப்புத் திரளையோ மூக்கோரத் தோலையோ திருப்பி மூடலாம். நாக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகும் என்றால் முன்கையிலிருந்து தோலை ரத்தக்குழாயோடு எடுத்து ஒட்டுவது பேச்சுக்கும் விழுங்கலுக்கும் நல்லது. இதற்கு நுண்ணறுவை தெரிந்த பிளாஸ்டிக் சர்ஜன் வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள், நள்ளிரவிலும் சேர்த்து, மணிக்கணக்கில் ஒட்டின சதையின் நிறத்தைப் பார்க்க நர்ஸ்கள் வேண்டும். இந்த இரண்டும் இல்லாத இடத்தில் இந்த அறுவைக்குப் போகாதீர்கள்.

கழுத்தில் தாடைக்குக் கீழிருந்து நடுக்கழுத்து வரை மூன்று தளங்களின் நெறிகளை எடுப்பார்கள். ரிப்போர்ட்டில் எத்தனை நெறி எடுத்தார்கள் என்ற எண் இருக்கும். 18 அல்லது அதற்கு மேல் இருந்தால் கழுத்தை ஒழுங்காகச் சுத்தம் செய்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

தங்கல்: தையலோடு முடிந்தால் நான்கைந்து நாள், முன்கைச் சதை ஒட்டினால் ஒரு வாரம் முதல் பத்து நாள். மூக்கு வழியே குழாயில் உணவு, பெரும்பாலும் ஒரு வாரம்.

என்ன கெடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். தோளுக்குப் போகும் நரம்பு இழுபட்டால் கையைத் தலைக்குமேல் தூக்க முடியாமல் சில மாதம் தோள் வலிக்கும். முதல் வாரத்திலிருந்தே பிசியோதெரபி தொடங்காவிட்டால் தோள் இறுகிவிடும். கீழுதட்டு நரம்பு பாதித்தால் சிரிக்கும்போது ஒரு பக்கம் கோணும். பெரும்பாலும் மாதக்கணக்கில் சரியாகும், சிலருக்கு நிற்கும். நாக்கின் ஒரு பக்கம் மரத்துப்போகலாம். முதல் இரவில் கழுத்து திடீரென வீங்கினால் உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று பொருள், மூச்சு அடைக்கும் முன் உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும். ‘ர’, ‘ல’, ‘ழ’ போன்ற எழுத்துகள் நாக்கு அறுவைக்குப் பின் தடுமாறும். பேச்சுப் பயிற்சி கொடுத்தால் டி1 நோயாளிகளில் பெரும்பாலோர் போனில் பேசினால் புரியும் அளவுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

இத்தனைக்கும் மேலாக அறுவை ஒரு பொருளைக் கையில் கொடுக்கிறது. அதுதான் வெட்டியெடுத்த சதையைச் சோதித்து எழுதும் பெத்தாலஜி ரிப்போர்ட், எங்கள் கணிப்பில் இந்தச் சிகிச்சையின் பெரும்பலன். உண்மையான ஆழம், ஓரங்களின் நிலை, நரம்பைச் சுற்றி நோய் ஓடியிருக்கிறதா, நெறிகளில் ஒளிந்திருக்கிறதா எல்லாம் அதில் இருக்கும். கையால் தொட்டும் ஸ்கேனிலும் நெறி தெரியாதவர்களிலேயே நூற்றுக்கு 20 முதல் 30 பேரின் கழுத்தில் நுண்ணளவில் நோய் இருக்கிறது. கதிர்வீச்சை மட்டும் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தத் தகவல் எதுவும் கிடைப்பதில்லை.

ரிப்போர்ட் நன்றாக இருந்தால் அத்தோடு சிகிச்சை முடிந்தது, கதிர்வீச்சே வேண்டாம். நெறியில் நோய் இருந்தால் 60 கிரே, 30 நாள். அதை அறுவை முடிந்த ஆறு வாரத்துக்குள் தொடங்க வேண்டும். நோய் நெறியின் உறையைக் கிழித்து வெளியே வந்திருந்தாலோ வெட்டின ஓரத்தில் இருந்தாலோ கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் சேரும். அறுவைக்கு முன் கையெழுத்துப் போடும்போதே ‘இரண்டாவது சிகிச்சை தேவைப்படலாம்’ என்பது குடும்பத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாதவர்கள்தான் ஏமாற்றப்பட்டதாக நினைத்துப் பாதியில் நின்றுவிடுகிறார்கள்.

கதிர்வீச்சு: ஏழு வாரப் பயணம்

கதிர்வீச்சு மட்டும் என்றால் 33 முதல் 35 நாள், திங்கள் முதல் வெள்ளி வரை, தினம் 2 கிரே. ஒவ்வொரு நாளும் மெஷினில் கால் மணி நேரம்தான். அந்தப் பதினைந்து நிமிடத்தில் வலி கிடையாது, ஷாக் அடிக்காது, முடி தலை முழுக்கக் கொட்டாது.

தொடங்கும் முன் பல் டாக்டரைப் பார்க்காமல் விட்டால் அதுவே மிகப் பெரிய தவறு. காப்பாற்ற முடியாத பற்களை முதலில் பிடுங்கி, 10 முதல் 14 நாள் ஈறு ஆறவிட்டு, பிறகே தொடங்க வேண்டும். பிறகு முகத்தின் அளவுக்கு மாஸ்க் செய்வார்கள். வெந்நீரில் இளகிய வலைத்தாள் முகத்தின்மேல் இறுகும். வாய்க்குள் ஒரு கட்டை வைத்து நாக்கையும் மேலண்ணத்தையும் பிரிப்பது நல்ல மையங்களின் வழக்கம். அது இருந்தால் தேவையில்லாத பக்கத்துக்குப் போகும் கதிர் குறையும்.

இரண்டாம் வாரக் கடைசியில் வாய் சிவக்கும், மூன்றாம் வாரத்தில் வெந்து புண்ணாகும், முடியும் நேரத்தில் உச்சத்துக்குப் போய், முடிந்த பிறகும் இரண்டு வாரம் எரியும். சுவை போய்விடும்; மாதங்கள் கழித்துத்தான் மெல்லத் திரும்பும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா கலந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொப்பளிக்க வேண்டும். காரம், புளி கூடாது. மசித்த தயிர்சாதம், கேழ்வரகுக் கஞ்சி, அரைவேக்காடு இல்லாத மென்மையான முட்டை சரிப்படும். எடையை வாரம் ஒருமுறை எழுதிவையுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைவதற்கு முன்பே மூக்குக் குழாய்க்குச் சம்மதித்துவிடுவது நல்லது. எடை குறைந்தால் மாஸ்க் தளர்ந்து குறி தவறும்.

இந்தச் சிகிச்சையைக் கெடுப்பது நாள் தவறுவதுதான். புற்றுச் செல்கள் மூன்று நான்கு வாரத்துக்குப் பிறகு வேகமாகப் பெருகி ஈடுகட்டப் பார்க்கும். இடையில் ஒவ்வொரு நாள் விடுபட்டாலும் நோயைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு 1 விழுக்காடு அல்லது அதற்கு மேலும் குறைகிறது. பொங்கல், தீபாவளி விடுமுறை, மெஷின் பழுது, ஊருக்குப் போய்த் திரும்பாதது எல்லாம் இதில் சேரும். விடுபட்ட நாளைச் சனிக்கிழமையில் ஈடுகட்டலாம், அல்லது ஒரே நாளில் ஆறு மணி நேர இடைவெளி விட்டு இரண்டு முறை கொடுக்கலாம். ‘மெஷின் நின்றால் என்ன ஏற்பாடு?’ என்று முதல் நாளே கேளுங்கள். பதில் தயாராக இல்லாத மையத்தில் இந்த நோய்க்குக் கதிர்வீச்சு தொடங்குவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

கதிரின் வீரியத்தை இடத்துக்கு இடம் கூட்டிக் குறைக்கும் ஐஎம்ஆர்டி முறையில் உமிழ்நீர்ச் சுரப்பியை ஒதுக்கிக் கதிர் கொடுக்கலாம். 2011இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வில் ஓராண்டு கழித்து மிதமான அல்லது அதற்கு மேற்பட்ட வாய்வறட்சி பழைய முறையில் 74 விழுக்காட்டினருக்கும், ஐஎம்ஆர்டியில் 38 விழுக்காட்டினருக்கும் இருந்தது. அது தொண்டைப் புற்று நோயாளிகளிடம் நடந்த ஆய்வு என்றாலும் சுரப்பி ஒன்றுதான். வறட்சி குறையும், முழுதாகப் போகாது. உமிழ்நீர் இல்லாத வாயில் பல் வேகமாகச் சொத்தையாகும் என்பதால் பல்லுக்கு ஃபுளோரைடு பூசுவது வாழ்நாள் வேலை. கழுத்தில் கதிர் பட்டவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது தைராய்டு சோதிக்க வேண்டும்.

ஊசிக்குழாய்க் கதிர்வீச்சு

பிராக்கிதெரபி என்ற முறை தனியாகப் பேசத் தக்கது. மயக்கம் கொடுத்து நாக்கிலோ கன்னத்திலோ மெல்லிய பிளாஸ்டிக் குழாய்களை ஒரு செ.மீ. இடைவெளியில் கோர்த்து, கதிர் வீசும் இரிடியம் துகளை அதன் வழியே அனுப்புவார்கள். தினம் இரண்டு முறை, ஒரு வாரத்துக்குள் முடியும். கதிர் புண்ணுக்குள்ளேயே நிற்பதால் எச்சில் சுரப்பி தப்பிக்கும். எலும்பிலிருந்து அரை செ.மீ.க்காவது தள்ளியிருக்கும் சிறிய புண்ணுக்கு, பழகிய கையில், நல்ல பலன் தரும். வெளிக்கதிரைவிட நாங்கள் இதையே மேலாக மதிக்கிறோம். இதை வழக்கமாகச் செய்யும் டாக்டர்கள் மிகக் குறைவு. ஆண்டுக்கு எத்தனை பேருக்கு வாயில் இப்படிக் குழாய் கோர்க்கிறார் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் இது கழுத்துக்குச் சிகிச்சை இல்லை. ஆழமான புண் என்றால் கழுத்து அறுவை எப்படியும் வேண்டும். கத்தி வேண்டாம் என்று இதற்கு வருபவர்கள் கடைசியில் கழுத்தில் கத்தி பட்டுத்தான் ஆக வேண்டும்.

கைவசம் எது மிஞ்சும்

அறுவைக்குப் பின் நோய் திரும்பினால் கதிர்வீச்சு கைவசம் இருக்கும். கதிர்வீச்சு முதலில் கொடுத்துத் திரும்பினால், கெட்டிப்பட்ட சதையில் அறுவை செய்ய வேண்டும். அங்கே தையல் பிரியும், புண் ஆறாது, முன்பு சிறிதாக முடிந்திருக்கக்கூடியது தாடையோடு போகும். புகையிலை பட்ட வாயில் வேறோர் இடத்தில் இரண்டாவது புற்று வருவதும் அரிதில்லை. ஒரே இடத்துக்கு முழு அளவு கதிர்வீச்சைப் பொதுவாக ஒருமுறைதான் கொடுக்க முடியும். அதை 45 வயதுக்காரர் ஒருவரின் முதல் சின்னப் புண்ணிலேயே செலவழித்துவிடுவது எங்களுக்கு மனம் ஒப்பாத காரியம்.

கதிர்வீச்சை முதலில் தேர்ந்தெடுக்கலாம் என்று நாங்கள் சொல்வது இவர்களுக்கு: உதட்டில், அதிலும் வாய்க்கோணத்தில் நோய் உள்ளவர்கள், ஏனென்றால் அங்கே வெட்டினால் வாய் சுருங்கும், பலனோ இரண்டிலும் ஏறக்குறைய ஒன்று. இதயமோ நுரையீரலோ மயக்கத்தைத் தாங்காது என்று மயக்க மருத்துவரே எழுதிக் கொடுத்தவர்கள். எல்லாம் கேட்டுப் புரிந்துகொண்ட பிறகும் அறுவை வேண்டாம் என்று தெளிவாக மறுப்பவர்கள். வயது மட்டும் காரணமாகாது. 75 வயதில் ஏழு வாரக் கதிர்வீச்சைவிட இரண்டு மணி நேர அறுவையை எளிதாகத் தாங்குபவர்கள் உண்டு. ஈறுப் புற்றுக்கும், வாய் திறக்காத பாக்குக் கன்னத்துக்கும் கதிர்வீச்சை முதலில் வைக்கவே வேண்டாம்.

ஆரம்பநிலையில் ‘முதலில் கீமோ போட்டுச் சுருக்கிப் பார்ப்போம்’ என்பதற்கு இடமில்லை. அந்த வாரங்கள் வீண்.

முடிவெடுக்கும் முன்

பயாப்ஸியை, அதாவது சோதனைக்கான சதைத் துணுக்கை, புண்ணின் நடுவில் எடுக்காமல் ஓரத்தில் எடுக்கச் சொல்லுங்கள். நடுவில் செத்த சதைதான் வரும். சின்னதுதானே என்று முழுப் புண்ணையும் பயாப்ஸியிலேயே சுரண்டி எடுத்துவிட்டால், பிறகு எல்லையே தெரியாமல் போகும். நாக்குக்கு எம்ஆர்ஐ, கன்னத்துக்கும் ஈறுக்கும் சிடி. சிடி எடுக்கும்போது கன்னத்தைக் காற்றால் உப்பவைக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கன்னமும் ஈறும் ஒட்டிக்கொண்டு நோய் எதில் என்றே தெரியாது. பயாப்ஸியால் வரும் வீக்கம் ஆழத்தைக் கூட்டிக் காட்டும் என்பதால், முடிந்தால் ஸ்கேனை அதற்கு முன்பே எடுப்பது நல்லது. புகையிலை, பாக்கு அன்றே நிற்க வேண்டும். கதிர்வீச்சின்போது புகைப்பவர்களுக்குப் பலன் குறைகிறது.

அறுவை டாக்டரும் கதிர்வீச்சு டாக்டரும் இருவருமே நோயாளியின் வாயைப் பார்த்திருக்க வேண்டும், கூடிப் பேசியிருக்க வேண்டும். ஒருவர் மட்டும் பார்த்துச் சொன்ன முடிவு அவர் கையில் உள்ள கருவியின் பக்கமே சாயும். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அறுவை, கதிர்வீச்சு இரண்டுக்குமே கிடைக்கிறது. ஆகவே ‘இதற்கு மட்டும்தான் கார்டு செல்லும்’ என்ற காரணத்தால் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. கார்டில் எந்த மருத்துவமனை எந்தச் சிகிச்சைக்குப் பட்டியலில் இருக்கிறது என்பதை மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவரிடம் கருத்துக் கேட்கப் போனால் ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. பயாப்ஸி ஸ்லைடுகளையும் சதைத் துணுக்கைப் பதித்த மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கேன் படங்கள் உள்ள சிடி தட்டையும் எடுத்துச் செல்லுங்கள். பிளாக்கை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும். இரண்டாம் கருத்துக்கு ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் பல் டாக்டரையும் மயக்க மருத்துவரையும் பார்த்து முடித்துவிட்டால், எந்தப் பக்கம் முடிவானாலும் நாள் வீணாகாது.